மரம் அறுக்கும் மிஷின் மக்கர் செய்தால்: முதலில் ஸ்குருவைத் தொடாதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அன்று டெல்டா மாவட்டங்களின் தெருக்களில் கிடந்த மரங்களை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். அரிவாளையும் கோடாரியையும் வைத்துக்கொண்டு ஒரு புளியமரத்தை அப்புறப்படுத்த அரை நாள் ஆகும். செயின் ரம்பம் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் போக வழி கிடைத்துவிடும். அப்படிப்பட்ட நாளுக்கென்று வாங்கி வைத்த மிஷின்கள் இன்று பல ஊர்களில் பள்ளிவாசல் ஸ்டோர் ரூமிலும் வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. இவை போக, தென்னை, வேலிக்கருவை அறுத்து அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் கையில் இருப்பவையும் உண்டு. மிஷின் ஓடாவிட்டால் அவர்கள் வீட்டில் அன்று வருமானம் இல்லை.

ஓடாத மிஷினைவிட அரைகுறையாக ஓடுகிற மிஷின்தான் பெரிய செலவு வைக்கும். கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ரேஸ் கொடுத்தால் அமுங்குகிறது. அல்லது பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்துவிடுகிறது. உடனே யாராவது ஒருவர் சின்ன ஸ்குருடிரைவரை எடுத்து கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகிப் பார்ப்பார். சத்தம் கூடும், வேகம் கூடும், "சரியாகிவிட்டது" என்று வேலைக்குக் கொண்டு போவார்கள். ஓரிரு நாளில் பிஸ்டன் ஜாம் ஆகிக் கயிறே அசையாமல் நின்றுவிடும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. செயின் ரம்பத்தில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பழைய சேத்தக் ஸ்கூட்டருக்குப் பங்கில் ஆயில் கலந்து பெட்ரோல் போட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டார் பைக்கில் இருப்பதுபோல இதற்கு அடியில் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க், பேரிங் எல்லாவற்றுக்கும் வழவழப்பு கொடுப்பது பெட்ரோலோடு கலந்து வரும் டூ-டி ஆயில் ஒன்றுதான். ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. மெக்கானிக்குகள் "லீன்" என்று சொல்வது இந்த நிலையைத்தான்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. லீனாக ஓடும் இன்ஜின் ஆரம்பத்தில் கூர்மையாக, வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். உள்ளே சூடு ஏறும், ஆயில் படலம் அறும், பிஸ்டன் உரசும். ஸ்குருவைத் திருகியதும் வேகம் கூடியது என்று சந்தோஷப்படுவது பெரும்பாலும் இந்தச் சூட்டைப் பார்த்துத்தான்.

கார்புரேட்டர் ஸ்குரு தானாகத் திருகிக்கொள்வது அரிது. போன வாரம் நன்றாக ஓடிய மிஷின் இந்த வாரம் ஓடவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அந்த வேறு ஏதோ என்பது கெட்டுப்போன பெட்ரோலாகவோ, அடைத்த ஃபில்டராகவோ, கரி பிடித்த பிளக்காகவோ, சைலன்சராகவோ இருக்கும். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போவதுதான் வரிசை.

கை வைக்கும் முன் ஒரு கட்டுப்பாடு. ஸ்விட்சை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகே எதையும் தொட வேண்டும். செயினைத் தொடும்போது கையுறை வேண்டும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

உண்மையில் இன்ஜின்தானா?

"பவர் இல்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவற்றுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. செயின் மழுங்கியிருக்கும். மரத்தை அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவலாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவுபோலத் தூளாக விழுந்து, மிஷினைப் பிடித்து அமுக்க வேண்டியிருந்தால் செயினுக்கு அரம் போட வேண்டும். தென்னை அறுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாரும், பட்டையில் ஒட்டியிருக்கும் மணலும் பற்களை வேகமாகத் தேய்த்துவிடும். விழுந்து கிடக்கும் மரத்தை அறுக்கும்போது செயின் ஒரு முறை மண்ணைத் தொட்டால் போதும், கூர்மை போய்விடும்.

செயினை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் இன்ஜின் திணறும். கையுறையோடு பிடித்து இழுத்தால் செயின் பாரின் மேல் தடையில்லாமல் நகர வேண்டும்; கீழ்ப்பக்கம் தொங்கவும் கூடாது. பிறகு செயின் ஆயில். அறுக்கும் மரம் எதுவானாலும், ரேஸ் கொடுத்து பாரின் நுனியை ஒரு காகிதத்துக்கு நேராகக் காட்டினால் அதில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் பாரில் இருக்கும் ஆயில் துளையும் பள்ளமும் நாராலும் தூசியாலும் அடைத்திருக்கும். செயின் ஆயிலுக்குப் பதிலாக ஒர்க்‌ஷாப்பில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள் ஆயில் பம்பையும் பாரையும் அரிக்கும். அது தெறிப்பது நம் கையிலும் முகத்திலும்தான். விட்டுவிடுவது நல்லது. செயின் பிரேக் பாதி பிடித்த நிலையில் ரேஸ் கொடுப்பதும் இதே மாதிரியான ஏமாற்று. கிளட்ச் கருகி வாடை வரும், இன்ஜின்தான் பழி சுமக்கும்.

பெட்ரோல்

செயின் சரியாக இருந்தும் மிஷின் திணறினால் அடுத்து டேங்க். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2025-இலிருந்து நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சிறிய டூ-ஸ்ட்ரோக் மிஷின்களின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று போட்டிருக்கும். பைக்குக்குப் பெரிய தொந்தரவு இல்லாதது ரம்பத்துக்கு ஏன் தொந்தரவு? பைக்கில் பெட்ரோல் தங்குவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ரம்பத்தில் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேங்குகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. கடலோர ஊர்களில் ஈரத்துக்குக் குறைவில்லை. மழை நாளில் மூடியைத் திறந்து ஊற்றும்போது நாலு சொட்டு உள்ளே விழுவதும் சகஜம். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டூ-டி ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. டேங்கின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கிடப்பது எங்கே? அடியில். ஆயில் இல்லாத அந்தக் கலவையைத்தான் இன்ஜின் உறிஞ்சுகிறது. அணைந்துவிட்டால் அதிர்ஷ்டம், தட்டுத்தடுமாறி ஓடினால்தான் ஆபத்து.

சோதிப்பது சுலபம். டேங்கில் உள்ளதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாக ஒரே நிறத்தில் இருந்தால் சரி. கலங்கலாகவோ, அடியில் தனி அடுக்காகவோ தெரிந்தால் அது ரம்பத்துக்கு ஆகாது. புளித்த வார்னிஷ்போல வாடை வந்தாலும் பழையது என்று அர்த்தம். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். தேவைக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று கலப்பதே சிக்கனம்.

கலவை விகிதம் மிஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக மூடியால் ஊற்றாமல், மருந்து அளக்கும் சிரிஞ்சு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும். தாராளமாக ஊற்றினால் புகை வரும், பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். ஆயில் டப்பாவில் காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது என்றும், ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரையோரத்தில் படகு இன்ஜின் ஆயில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது. ரம்பத்தின் சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்றதல்ல. பைக்கின் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயிலும் கூடாது.

இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கலந்த பெட்ரோலைத் தண்ணீர்ப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்றி வைப்பதை எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். டூ-டி ஆயிலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது சர்பத்தாகத் தெரியும். பெட்ரோலுக்கென்று உள்ள கேனில் ஊற்றி, தேதி எழுதி, அடுப்படிக்கும் இன்வெர்ட்டருக்கும் எட்டாத வெளிப்புற அறையில் வையுங்கள். தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

பெட்ரோல் புதிதாக இருந்தும் தகராறு என்றால் டேங்க் மூடி வழியாக ஒரு வளைந்த கம்பியை விட்டு உள்ளே இருக்கும் ஃபில்டரை வெளியே இழுங்கள். கறுத்துப் பிசுக்கேறியிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான், கழுவிப் பிரயோஜனம் இல்லை. அப்படியே அந்த டியூபையும் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பெட்ரோலோடு காற்றும் போகும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பழுது டேங்க் வென்ட். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அந்தச் சின்ன வழி தூசியால் அடைத்துவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டார்ட் ஆகிறது, ஐந்து பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, பிறகு மூச்சு வாங்கி நிற்கிறது என்றால் உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, மூடியபின் மறுபடி பத்து நிமிடம் ஓடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். வென்ட்டைச் சுத்தம் செய்தால் போதும். இதற்காக கார்புரேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

காற்று, பிளக், சைலன்சர்

ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிடும். புகை அதிகமாகும், ரேஸ் கொடுத்தால் குமுறும், முழு வேகம் எட்டாது. தென்னை நாரையும் காய்ந்த மரத்தூளையும் அறுக்கும் நாட்களில் தினமும் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது மோசமில்லை. கழற்றும் முன் சோக்கை மூடுங்கள், தூசி உள்ளே விழாது. நைலான் வலை மாதிரியான ஃபில்டரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய வைத்து மாட்டலாம். காற்றடித்துச் சுத்தம் செய்தால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். கிழிந்ததைத் தூக்கிப் போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் "இன்றைக்கு மட்டும்" என்று ஓட்டுவது சிலிண்டருக்குள் உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

பிளக்கைக் கழற்றினால் அது இன்ஜினின் கதையைச் சொல்லும். காபிப் பொடி நிறத்தில் வெளிர் பழுப்பாக இருந்தால் எரிவது சரியாக இருக்கிறது. ஈரமான கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புபோல இருந்தால் இன்ஜின் லீனாக, சூடாக ஓடியிருக்கிறது. காரணம் தெரியும்வரை அந்த மிஷினை வேலைக்கு அனுப்பாதீர்கள். இடைவெளி பெரும்பாலான ரம்பங்களில் 0.5 மில்லிமீட்டர். பிளக் விலை அதிகமில்லை. சந்தேகம் என்றால் அதே எண்ணில் புதியதைப் போட்டுப் பார்ப்பது துடைத்துக்கொண்டிருப்பதைவிட மேல். பல ரம்பங்களுக்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ அல்லது அதற்கு ஈடான பிளக் பொருந்தும், ஆனாலும் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

நெருப்பு வருகிறதா என்று பார்க்க பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை சிலிண்டரின் இரும்பில் அழுத்திக் கயிறை இழுக்க வேண்டும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது நெருப்பு வந்து, சூடேறி அணைந்த பின் வரவில்லை என்றால் காயில் கோளாறு. சூடாக இருக்கும்போதே சோதித்தால்தான் இது தெரியும். ஆறிய பிறகு கொண்டு போனால் மெக்கானிக் கையில் அது நல்ல பிள்ளையாக ஓடும்.

சோக்கைப் போட்டுக்கொண்டே பலமுறை இழுத்து பிளக் நனைந்துவிட்டால், அதைக் கழற்றித் துடைத்து, மிஷினைக் கவிழ்த்துப் பிடித்து, சோக்கை எடுத்துவிட்டு ஆறேழு முறை கயிறை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். ஈரம் ஆவியானபின் பிளக்கைப் போட்டு, வேறு இடத்தில் வைத்து சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

சைலன்சரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல மாடல்களில் புகை வெளியேறும் இடத்தில் நெருப்புப்பொறியைத் தடுக்கும் ஒரு சின்ன வலை இருக்கும். ஆயில் கூடுதலாகக் கலப்பவர்கள் மிஷினில் அது கரியால் மூடிக்கொள்ளும். ஐடிலிங் நன்றாக இருக்கும், ரேஸ் கொடுத்தால் ஏறாது. வலையைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மிஷின் புதிதுபோல ஓடும். சைலன்சரைக் கழற்றியிருக்கும்போதே உள்ளே டார்ச் அடித்து, கயிறை மெதுவாக இழுத்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கம் வழவழப்பாக இருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால் உள்ளே உரசல் தொடங்கிவிட்டது. எந்த ஸ்குருவும் அதைச் சரிசெய்யாது.

இனி கார்புரேட்டர்

இவ்வளவும் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருந்தும் பழுது தொடர்கிறது என்றால்தான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். பைக் கார்புரேட்டர்போல இதில் மிதவை கிடையாது. ரம்பத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிப்பதால், மிதவைக்குப் பதில் மெல்லிய ரப்பர் டயாப்ரம் பெட்ரோலை அளந்து விடுகிறது. பழைய எத்தனால் பெட்ரோலில் ஊறிக் காய்ந்தால் அது விறைத்துப்போகும். கழற்றி விரலால் தொட்டால் துணிபோல மெத்தென்று இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள்போல மொடமொடவென்றால் மாற்ற வேண்டும். கார்புரேட்டர் எண்ணைச் சொன்னால் கடையில் டயாப்ரம், கேஸ்கட் அடங்கிய கிட் கிடைக்கும். மிஷின் பல மாதம் பெட்ரோலோடு கிடந்து, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம், அல்லது உள்ளிருக்கும் சன்னத் துளைகளில் பிசின் கட்டியிருக்கும். துளைகளில் கம்பி விடாதீர்கள். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே போதும்.

டியூனிங் ஸ்குருக்கள் பொதுவாக மூன்று. எல் என்பது குறைந்த வேகத்துக்கும் ரேஸ் எடுக்கும் தொடக்கத்துக்கும். எச் என்பது முழு வேகத்துக்கு. எல்ஏ, அல்லது டி, ஐடிலிங் வேகத்துக்கு. எல், எச் இரண்டையும் கடிகாரத் திசையில் திருகினால் பெட்ரோல் குறையும், எதிர்த் திசையில் கூடும். திருகும் முன் இப்போது எங்கே இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள், அல்லது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். குழம்பிவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். பல மாடல்களில் மெதுவாக முழுவதும் மூடி ஏறத்தாழ ஒரு சுற்று திறப்பது தொடக்க நிலை. சரியான எண் கையேட்டில் இருக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே சரிசெய்ய வேண்டும். ரேஸ் கொடுத்ததும் ஒரு கணம் அமுங்கி அணையப் பார்த்தால் எல் ஸ்குரு லீன், கொஞ்சம் திறங்கள். புகையோடு குமுறி மெதுவாக ஏறினால் எல் அதிகம், கொஞ்சம் மூடுங்கள். கொஞ்சம் என்பது கால் சுற்றுக்கும் குறைவு. ஐடிலிங்கில் செயின் நின்றிருக்க வேண்டும். ஓடினால் எல்ஏவைக் குறையுங்கள். குறைத்தும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஐடிலிங்கில் செயின் ஓடும் மிஷினோடு யாரையும் மரத்தில் ஏற விடாதீர்கள்.

எச் ஸ்குருதான் பிஸ்டனின் ஆயுள். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் முழுக்கச் சீராக இல்லாமல், லேசாகக் கரகரத்து விட்டுவிட்டு அடிப்பதுபோல இருக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். காற்றிலேயே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் லீன், உடனே திறங்கள். அந்தக் கீச்சொலியைத்தான் பலர் "செம பிக்கப்" என்று நினைக்கிறார்கள். முழு ரேஸில் ஓரிரு விநாடிக்கு மேல் சும்மா பிடிக்கவும் வேண்டாம்.

ஸ்குருவை எங்கே வைத்தாலும் நிலைக்கவில்லை, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ரேஸ் விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதிக்கிறது என்றால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட் வெடித்திருக்கலாம், அல்லது கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். இதை நிச்சயமாகச் சொல்ல பிரஷர் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும், ஒர்க்‌ஷாப் வேலை. ஸ்குருவைத் திறந்து இதை மறைத்து ஓட்டுவது சில நாளைக்குத்தான்.

கம்ப்ரஷன் சோதனைக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஸ்விட்ச் அணைந்த நிலையில், டீகம்ப்ரஷன் பட்டன் இருந்தால் அதை அமுக்காமல், ஸ்டார்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். சிறிது நின்று, தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. சரசரவென்று கீழே போனால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. கேஜ் வைத்துப் பார்த்தால் 100 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கும் மிஷின் ஒழுங்காக ஓடுவது கடினம். அந்த நிலையில் பிஸ்டன், சிலிண்டர் கிட் விலையையும் புதிய மிஷின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். விலை மலிவான 58 சிசி மிஷின்களில் கிட் மலிவு, மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் லீனாக ஓடிய காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

மெக்கானிக்கிடம் கொண்டு போகும்போது "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகிறதா, சூட்டிலா. எத்தனை நிமிடத்தில் நிற்கிறது. மூடி திறந்தால் சரியாகிறதா. பிளக் என்ன நிறம். கடைசியாக எப்போது, எந்த விகிதத்தில் கலந்தீர்கள். இந்த நாலைந்து விவரம் இருந்தால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் உங்களுடையதோ பொதுவினுடையதோ, அது முறையான கேள்விதான்.

பொதுவில் இருக்கும் மிஷின்களை ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு முறை வெளியே எடுங்கள். பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிட்டு, புதிதாக அரை லிட்டர் கலந்து, ஒரு விறகுக்கட்டையை அறுத்துப் பார்க்க வேண்டும். சும்மா ரேஸ் கொடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. தேறினால் ஒரு புதிய பிளக், டேங்க் ஃபில்டர், ஏர் ஃபில்டர், அரம், தீட்டிய இரண்டாவது செயின் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு மிஷினோடேயே கட்டி வையுங்கள். புயல் அடித்த மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது. பிறகு டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரில் சொட்டு பெட்ரோல் தங்காமல் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை கயிறை இழுத்துப் பார்க்க ஒருவர் பெயரைக் குறித்துவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான மிஷினை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.